கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கையளவு கோயில்: டோக்கியோ கோஅமி ஜின்ஜாவுக்குப் போய்வர முழு வழிகாட்டி

ஊரிலிருந்து டோக்கியோவுக்கு வருகிறவர்கள் மெய்ஜி ஜிங்கூ, அசாகுசா எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடித்துப் போய்விடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. என்னிடம் யாராவது "எங்கே கூட்டிட்டுப் போற?" என்று கேட்டால், நிஹோன்பாஷி பக்கம் கோஅமிச்சோ என்ற பேட்டைக்குத்தான் கூட்டிப்போவேன். அங்கே ஆபீஸ் கட்டிடங்களுக்கு இடையில் செருகி வைத்த மாதிரி ஒரு மரக்கோயில். நாலு கார் நிறுத்தினால் வளாகம் நிரம்பிவிடும் என்பது என் கண்ணளவு. பெயர் கோஅமி ஜின்ஜா. 'கோ' என்றால் சின்ன, 'அமி' என்றால் வலை.

ஜின்ஜா என்றால் ஜப்பானின் பழைய நாட்டு மதமான ஷிண்டோவின் கோயில். ஜப்பானில் இவை சுமார் 80,000 இருக்கின்றன. தெருவுக்குத் தெரு நாம் பார்க்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களின் எண்ணிக்கையை விட அதிகம். அப்படியிருந்தும் நகரத்துக்குள் வருஷக்கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறோம். நானும் கோஅமியை முதல் தடவை தேடியபோது, போனில் மேப்பை வைத்துக்கொண்டு அந்த பிளாக்கை இரண்டு சுற்று சுற்றினேன். கட்டிடங்களின் உயரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தால் கண்ணில் படாது. சிவப்பு வெள்ளைத் துணியோ காகித விளக்கோ தெரிகிறதா என்று தெரு மட்டத்தில் பாருங்கள்.

பெரிய கோயிலுக்குப் போவதற்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. சடங்கு ஒன்றுதான், மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் இடம் இல்லை. உங்களுக்குப் பின்னால் மதிய இடைவேளையில் ஓடிவந்த ஆபீஸ்காரர் நிற்பார். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் கதை

கதை தெரியாமல் போனால் ஐந்து நிமிஷத்தில் "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுவீர்கள்.

1466-ல் இந்தப் பகுதியில் கொள்ளைநோய் பரவியது. ஒரு கிழ மீனவர் கடலில் வலை போட்டபோது மீனுக்குப் பதில் நெற்கதிர் சிக்கியதாம். அதை எடுத்துக்கொண்டு இங்கிருந்த துறவியின் குடிலுக்கு வந்து சில நாள் தங்கினார். அந்தக் கிழவர்தான் நெல்லின் தெய்வமான இனாரி என்று துறவிக்குக் கனவு வந்தது. கும்பிட்டார்கள், நோய் தணிந்தது. எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டையைக் கட்டிய ஓதா தோகான் அதைக் கேள்விப்பட்டு வந்து, நிலம் கொடுத்து, பெயரும் வைத்தார் என்பது கோயில் சொல்லும் வரலாறு.

இன்றைக்கு நாம் பார்க்கும் மரக்கட்டிடம் 1929-ல் எழுந்தது. 1923 நிலநடுக்கத்தின்போது பூசாரி சுவாமியைத் தூக்கிக்கொண்டு ஷின் ஓஹாஷி பாலத்துக்கு ஓடினார். சுற்றியிருந்த பாலங்கள் எரிந்தபோது அந்தப் பாலம் நின்றது. அதில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். பிறகு 1945 மார்ச் குண்டுவீச்சில் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். இந்தக் கட்டிடம் தப்பியது. இங்கே தாயத்து வாங்கிப் போருக்குப் போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்றும் சொல்வார்கள். பாலமும் கட்டிடமும் சரித்திரம். தாயத்துக் கதை நம்பிக்கை. ஆனால் இன்று வரிசையில் நிற்கிறவர்களைக் கூட்டிவருவது அந்த மூன்றாவது கதைதான். "அசைக்க முடியாத அதிர்ஷ்டம், தீவினை விலகல்" என்று இந்தக் கோயிலுக்குப் பெயர்.

எப்போது போவது

வார நாள், காலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மழைத்தூறல் இருந்தால் இன்னும் நல்லது.

சனி ஞாயிறு வரிசை சந்து வரை நீளும். 'இச்சிர்யூ மன்பாய்பி' என்று ஒரு நல்ல நாள் கணக்கு இருக்கிறது. ஒரு மணி விதைத்தால் பத்தாயிரமாக விளையும் நாள் என்று பொருள். மாதத்தில் சில முறை வரும், ஜப்பானிய காலண்டரில் போட்டிருக்கும். அன்றைக்குப் புதுப் பர்ஸோடு கூட்டம் குவியும். நான் அந்த நாட்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, அன்று போகாமல் இருப்பேன். ஜனவரி முதல் வாரமும் அப்படித்தான். நிஹோன்பாஷியின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களைச் சுற்றிக் கும்பிடும் வழியில் இது ஒரு நிலையம்.

நவம்பர் 28 மட்டும் விதிவிலக்கு. அன்று 'தொபுரோக்கு' திருவிழா. தொபுரோக்கு என்பது வடிகட்டாத அரிசி மது. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். காய்ந்த நாணல் கதிரில் கட்டிய குட்டி ஆந்தை பொம்மை அப்போது கிடைக்கும். கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு தடவை போகலாம்.

இன்னொன்று. வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால், ஷிண்டோ வழக்கப்படி சுமார் 50 நாள் ஜின்ஜாவுக்குப் போக மாட்டார்கள். நமக்குத் தீட்டு என்ற சொல்லே இருப்பதால் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றபடி உங்கள் மதம், நாடு எதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

என்ன எடுத்துப்போவது

சில்லறை. ஒரு கைக்குட்டை. ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சில்லறையில் ஐந்து யென் காசுக்குத் தனி மரியாதை. 'கோ-என்' என்றால் ஐந்து யென். அதே ஒலிக்கு 'நல்ல தொடர்பு' என்றும் பொருள். புதிதாக வந்தவர்களுக்கு இந்தக் காசை அடையாளம் தெரியாது. ஜப்பானிய நாணயங்களில் இதில் மட்டும் 5 என்ற எண் கிடையாது, காஞ்சி என்ற சீன வழி எழுத்தில்தான் போட்டிருக்கும். பித்தளை நிறம், நடுவில் ஓட்டை. கையில் எடுத்து உற்றுப் பாருங்கள்: ஓட்டையின் மேலாக வளைந்து சாய்ந்திருப்பது ஒரு நெற்கதிர். மீனவர் வலையில் சிக்கிய அதே சங்கதி.

ஐந்து யென்தான் போட வேண்டும் என்று இல்லை. 2022 ஜனவரியிலிருந்து அஞ்சலக வங்கி மொத்தமாகச் சில்லறை கட்டுவதற்குக் கட்டணம் வாங்குகிறது. சின்னக் கோயில்களுக்கு ஐந்து யென் குவியல் ஒரு சுமை. நான் ஒரு ஐந்து யென்னும் கூடவே ஒரு நூறு யென்னும் போடுவேன்.

போகும் வழி

ஹிபியா லைனில் நிங்யோச்சோ ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் நடப்பது எல்லோரும் சொல்லும் வழி. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷி கசாய் பக்கத்திலிருந்து வந்தால் டோசாய் லைனில் ஐந்தாவது ஸ்டேஷன் கயாபாச்சோ. அங்கே இறங்கி நடப்பதுதான் என் வழி, காரணம் இருக்கிறது.

கயாபாச்சோவிலிருந்து வடக்கே நடந்தால் கபுதோச்சோ. பங்குச் சந்தை இருக்கும் பேட்டை. 'கபுதோ' என்றால் தலைக்கவசம். பக்கத்திலேயே எக்ஸ்பிரஸ்வேயின் நிழலில் கபுதோ ஜின்ஜா என்று ஒன்று ஒதுங்கியிருக்கும். பங்கு வியாபாரிகளின் காவல் தெய்வம். அங்கே ஒரு வணக்கம் போட்டுவிட்டு, யொரோய்பாஷி பாலத்தில் ஏறுங்கள். 'யொரோய்' என்றால் உடற்கவசம். முன்னொரு காலத்தில் மினமோதோ நோ யோஷியிஏ என்ற போர்த்தலைவன் இங்கே ஆற்றைக் கடக்கும்போது புயல் வந்ததாம். தன் கவசத்தைக் கழற்றித் தண்ணீருக்குள் போட்டு நாக தெய்வத்தை வேண்டியதும் அடங்கியதாம். பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு தெரியும், வானம் அவ்வளவாகத் தெரியாது. ஆற்றின் தலைக்கு மேல் தூண் ஊன்றி சாலை போட்டுவிட்டார்கள். கொஞ்சம் மேலே, நிஹோன்பாஷி பாலம் இருக்கும் பகுதியில் அந்தச் சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

பாலம் தாண்டினால் கோஅமிச்சோ. சந்துக்குள் திரும்புங்கள்.

உள்ளே நுழைவது

தோரீ என்ற வாசல் இருந்தால் அது ஷிண்டோ ஜின்ஜா. ஊதுபத்தி வாசனையும் புத்தரும் இருந்தால் பௌத்த ஆலயம், 'ஒதெரா'. நடைமுறை வேறு. ஒதெராவில் கை தட்டக் கூடாது.

வரிசை இருந்தால் முதலில் அதன் கடைசியைக் கண்டுபிடியுங்கள். வாசலுக்கு வெளியே தெருவோரமாக நீளும். பக்கத்து ஆபீஸ்களின் வாசலை மறிக்காமல் நிற்க வேண்டும். கூட்டமாகப் பேசிச் சிரிக்கும் இடம் இல்லை. நாலு பேராகப் போனாலும் இரண்டு இரண்டாக நில்லுங்கள்.

வாசலில் தொப்பியைக் கழற்றி ஒரு தலைவணக்கம். நடுவழி தெய்வத்தின் வழி, அதனால் ஓரமாக நுழைவார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் நடு எது, ஓரம் எது என்று கேட்டால், கொஞ்சம் சாய்ந்து நடந்தால் போதும் என்பேன். செருப்பைக் கழற்ற வேண்டாம். முதல் தடவை போகும் நம்மவர்கள் எல்லோரும் குனிந்து லேஸைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

கை கழுவுவது

இதை ஒரு அகப்பைத் தண்ணீரிலேயே முடிக்க வேண்டும் என்பதுதான் நுணுக்கம்.

வலக்கையில் அகப்பையை எடுத்து மொண்டு, இடக்கையைக் கழுவுங்கள். கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாயைக் கொப்பளித்து, கீழே ஓரமாக விடுங்கள். அகப்பையில் வாய் படவே கூடாது, விழுங்கவும் வேண்டாம். வாய் பட்ட இடக்கையை இன்னொரு தடவை கழுவுங்கள். கடைசியாக அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் காம்பு வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்தவருக்காக அது. கவிழ்த்து வைத்துவிட்டு நகருங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டு, மூங்கிலிலிருந்து தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அங்கே கையை நீட்டிக் கழுவினால் முடிந்தது. கொப்பளிப்பதை விட்டுவிடலாம்.

கும்பிடுவது

காசை விட்டெறியாமல் பெட்டியில் நழுவ விடுங்கள். மணி இருந்தால் ஆட்டலாம். பிறகு: இடுப்பு மடங்கும்படி ஆழமாக இரண்டு தலைவணக்கம். மார்பு உயரத்தில் கை சேர்த்து, வலக்கையைக் கொஞ்சம் கீழே இறக்கி, இரண்டு தட்டு. விரல்களை மறுபடி நேராக்கி வேண்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு வணக்கம். ஜப்பான் முழுக்க பெரும்பாலும் இதுதான். இஸுமோ பெருங்கோயில் போன்ற சில இடங்களில் நாலு தட்டு.

என்ன வேண்டுவது என்பது உங்கள் பாடு. ஜப்பானிய நண்பர்கள் மனசுக்குள் முதலில் தங்கள் பெயரையும் முகவரியையும் சொல்வார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அபார்ட்மெண்ட் நம்பர் வரைக்கும். எண்ணிக்கையில்லாத ஆட்களில் இது யார் என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு இது பிடித்துப்போய், நானும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

முடித்ததும் உடனே பக்கவாட்டில் விலகுங்கள். அங்கிருந்து தலையை நிமிர்த்தி முகப்புக் கூரைக்கு அடியில் பாருங்கள். ஒரு பக்கம் மேலே ஏறும் டிராகன், மறுபக்கம் கீழே இறங்கும் டிராகன், இரண்டும் மரச்செதுக்கு. ஏறுவது நம் வேண்டுதலை எடுத்துப் போகிறது, இறங்குவது பலனைக் கொண்டுவருகிறது என்பார்கள். கும்பிடுகிறவர்கள் தலைகுனிந்தே இருப்பதால் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

சரஸ்வதி, கிணறு, நனைந்த நோட்டு

இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பகுதி.

வளாகத்தில் 'செனி அராய் நோ இ' என்று ஒன்று இருக்கிறது. காசு கழுவும் கிணறு. அது பென்சாய்தென் தெய்வத்துக்கு உரியது. பென்சாய்தென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்கு வந்து, வீணைக்குப் பதில் பிவா என்ற இசைக்கருவியை எடுத்துக்கொண்டாள். ஆற்றின் தெய்வம் என்ற பழைய அடையாளமும் ஒட்டிக்கொண்டே வந்ததால், அவளுக்குத் தண்ணீர் ஓரத்தில்தான் கோயில். இங்கே இருப்பவள் படகில் ஏறிய பென்சாய்தென். முன்பு இங்கே இருந்த மன்புக்குஜுஜி என்ற பௌத்த ஆலயத்துக்கு உரியவள். மெய்ஜி அரசு 1868-ல் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவிட்ட பிறகு ஆலயம் போயிற்று, இவள் தங்கிவிட்டாள்.

சரஸ்வதிக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம்? பெயரின் நடுவில் வரும் 'சாய்' என்பதை முதலில் 'திறமை' என்ற பொருளுள்ள எழுத்தில் எழுதினார்கள். பிறகு அதே ஒலியுள்ள, 'செல்வம்' என்ற பொருளுள்ள எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். உச்சரிப்பு அப்படியே இருந்தது, இலாகா மாறிவிட்டது. சரஸ்வதி ஓரெழுத்தில் லட்சுமியும் ஆகிவிட்டாள். ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் இவளோடு சேர்த்து மூன்று பேர் நம் பக்கத்திலிருந்து போனவர்கள்: தாய்க்கொகுதென் மகாகாலன், பிஷாமோன்தென் குபேரன்.

செய்முறை எளிது. அங்கே இருக்கும் மூங்கில் சல்லடையில் காசைப் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசுங்கள். துடைத்து பர்ஸில் வையுங்கள். அது விதைப் பணம், செலவழிக்காமல் வைத்துக்கொண்டால் மற்றதை இழுத்து வரும் என்பது நம்பிக்கை.

நோட்டையும் கழுவலாம். நான் ஒரு ஆயிரம் யென் நோட்டை முழுசாக முக்கி எடுத்தேன். அதில் இருப்பவர் கிதாசாதோ ஷிபாசாபுரோ, 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர். கொள்ளைநோய்க்காக எழுந்த கோயிலில் அவரைக் குளிப்பாட்டுவது பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போன கடையில் டிக்கெட் மெஷின் அவரை மூன்று தடவை துப்பியது. பின்னால் ஐந்து பேர். அன்று கையில் வேறு நோட்டு இல்லை. அதற்குத்தான் பிளாஸ்டிக் உறை. காசு கழுவுவது உத்தமம். நோட்டுதான் வேண்டும் என்றால் ஒரு ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு, கைக்குட்டையில் ஒற்றி, தனியாக வையுங்கள். பத்தாயிரம் யென் வைத்திருப்பவர்களுக்கு: 2024 ஜூலையில் வந்த புது நோட்டில் இருக்கும் ஷிபுசாவா எயிச்சி, 1873-ல் ஆற்றுக்கு அந்தக் கரையில், நீங்கள் நடந்து வந்த கபுதோச்சோவில், ஜப்பானின் முதல் வங்கியைத் தொடங்கியவர். பேட்டைக்காரர்.

குறிச்சீட்டு, தாயத்து, முத்திரை

ஒமிகுஜி என்ற குறிச்சீட்டு எங்கும் உண்டு. இங்கே அது பட்டுக்கூட்டுக்குள் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது, ஆட்டினால் உள்ளே சுருண்ட காகிதம் சத்தமிடும். 'தாய்கிச்சி' வந்தால் மிக நல்லது, 'க்யோ' என்றால் கெட்டது. கெட்டது வந்தால் அங்கேயே கட்டிவிட்டு வரலாம்.

கோஷுயின் என்பது தூரிகை எழுத்தும் சிவப்பு முத்திரையும் சேர்ந்த அத்தாட்சி. கும்பிட்ட பிறகுதான் கேட்க வேண்டும். இதற்கென்று விற்கும் மடிப்பு நோட்டு வேண்டும், சாதாரண நோட்டை நீட்டாதீர்கள். பொதுவாக 500 யென், ரொக்கம்தான். "கோஷுயின் ஒனெகாய்ஷிமஸ்" என்றால் போதும். கூட்டமான நாளில் முன்பே எழுதிய தாளைக் கொடுப்பார்கள். 'நேரில் எழுதித் தரக் கூடாதா' என்று வாதாட வேண்டாம்.

தாயத்து வாங்கினால் உறையைப் பிரிக்காதீர்கள். ஒரு வருஷம் ஆனதும் குப்பையில் போடாமல், வாங்கிய கோயிலிலேயே ஒப்படைப்பது முறை.

போட்டோ வெளியிலிருந்து எடுங்கள், கும்பிடுகிறவர்களின் முகம் வராமல். சன்னிதிக்கு நேராக நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இருக்கும் இடமே அவ்வளவுதான்.

இன்னும் கால் வலிக்கவில்லை என்றால்

நிங்யோச்சோ பக்கம் நடந்தால் அமாசாகே யோகோச்சோ தெருவில் சூடான அரிசிப் பானமும் மீன் வடிவ தாய்யாகியும் கிடைக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுகிநோமோரி ஜின்ஜாவில் எடோ காலத்து லாட்டரியின் நினைவாக நிறுத்திய ஒரு கல் இருக்கிறது.

மேற்கே கால் மணி நேரம் நடந்தால் மிட்சுகோஷிமாயே. கோரேதோ முரோமாச்சி மாலின் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே புகுதோகு ஜின்ஜா. இது பளபளப்பானது, 2014-ல் புதிதாகக் கட்டியது, ஆனால் தெய்வம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. 1614-ல் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன் ஹிதேதாதா வந்தபோது, பட்டை உரிக்காத கருவாலி மரத்தில் செய்த தோரீயில் துளிர் விட்டிருந்ததாம். அதனால் 'மெபுகி', அதாவது துளிர் விடுதல், என்று இன்னொரு பெயர். லாட்டரிச் சீட்டு நடத்த அரசு அனுமதி பெற்றிருந்த கோயில் என்பதால் இன்றும் லாட்டரிக்காரர்கள் சீட்டோடு வருவார்கள். இங்கே உட்கார மரநிழல் உண்டு, கோஅமியில் அது கிடையாது. குழந்தைகளோடு வருகிறவர்கள் கடைசியில் இங்கே வந்து முடித்தால் நல்லது. கீழேயே ஸ்டேஷன்; கின்ஸா லைனில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நிஹோன்பாஷி, அங்கே டோசாய் லைனுக்கு மாறினால் நிஷி கசாய்.